மறுமொழி: ‘சப்ளிமென்ட்’ – குறைநிரப்பியா, மேலூட்டமா?

குழுவினருக்கு வணக்கம். நோயாளிகளுக்கான தாளில் ‘சப்ளிமென்ட்’டுக்குத் தமிழில் எந்தச் சொல்லை வைப்பது என்ற பேச்சில், புதுச்சொல் தேடலாம் என்றதற்கு இப்படி ஒரு கேள்வி வந்தது:

> ‘குறைநிரப்பி’ ஏற்கெனவே பழக்கத்தில் இருக்கிறதே, புதுச்சொல் எதற்கு?

இதற்கு நான் உடனே பதில் எழுதவில்லை. அந்தச் சொல் எங்கே இடறுகிறது என்று எனக்கே தெளிவாகச் சொல்ல வரவில்லை. பெரியம்மாவோடு ரத்தப் பரிசோதனை முடிவை வாங்கிக்கொண்டு டாக்டரிடம் போன அன்றுதான் பிடிபட்டது.

பெரியம்மா பெரம்பூரில் இருக்கிறார். தைராய்டு அதிகமாகச் சுரக்கும் கிரேவ்ஸ் நோய், சுரப்பைக் குறைக்க ஒரு வருடமாகக் கார்பிமசோல் மாத்திரை சாப்பிடுகிறார். எல்லாம் கட்டுக்குள் வந்துகொண்டிருந்த நேரத்தில், இந்த முறை தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.ஹெச். அடிமட்டத்துக்கு இறங்கி, தைராய்டு சுரக்கும் டி4 எகிறியிருந்தது, அதாவது சுரப்பு மறுபடி கூடியது போல. ஆனால் ஆளைப் பார்த்தால் கை நடுக்கம் இல்லை, படபடப்பு இல்லை, எடைகூட ஒரு கிலோ ஏறியிருந்தது. மருந்தைக் கூட்டலாமா என்று யோசித்த டாக்டர், “வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களாம்மா?” என்று கேட்டார். “இல்லீங்க” என்றார் பெரியம்மா. மனதார அப்படித்தான் நம்பினார். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஃப்ரிட்ஜ் மேல், ஊறுகாய் ஜாடிக்குப் பின்னால் ஒரு டப்பா, முடி கொட்டுகிறதே என்று எதிர்வீட்டு அக்கா வாங்கிக் கொடுத்தது. பயோட்டின் என்ற பி வைட்டமின், 10,000 மைக்ரோகிராம். ஒரு நாளைக்கு உடம்புக்கு வேண்டியது 30, 40 மைக்ரோகிராம்தான்.

“இதுவா? இது சத்துதானேடா” என்றார்.

பயோட்டின் சுரப்பியை ஒன்றும் செய்வதில்லை, பரிசோதனையைத்தான் கெடுக்கிறது. பல ஆய்வகங்களில் ஹார்மோனை அளக்கும் முறையே பயோட்டின் போய் ஒட்டிக்கொள்வதை நம்பி அமைந்தது. ரத்தத்திலேயே அது ஏராளமாக இருந்தால் டி.எஸ்.ஹெச். பொய்யாகக் குறைந்தும் டி4 பொய்யாக உயர்ந்தும் தெரியும், அச்சு அசலாகத் தைராய்டு மிகையானது போலவே. டாக்டரிடம் சொன்னதும் அதை நிறுத்தச் சொல்லி ஒரு வாரம் கழித்துத் திரும்ப எடுக்கச் சொன்னார், அளவு ஒழுங்காகிவிட்டது. ரெண்டு நாள் நிறுத்தினாலே பெரும்பாலும் போதுமாம். மருந்தைக் கூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் பதறுகிறது.

சரி, சொல்லுக்கு வருகிறேன். ‘குறைநிரப்பி’ என்றால் ஒரு குறை இருக்கிறது, இது அதை நிரப்பும் என்று சொல்லே உறுதி கொடுத்துவிடுகிறது. தைராய்டு மிகைச்சுரப்பில் அயோடின் குறைவு எங்கே இருக்கிறது? பெரியவர்களுக்கு நாளுக்கு 150 மைக்ரோகிராம் போதும், அயோடின் உப்பு போட்டுச் சமைக்கும் வீட்டில் அதற்குப் பெரும்பாலும் பஞ்சமில்லை. அதற்கு மேல் கடற்பாசி மாத்திரை என்று விழுங்கினால் சிலருக்குச் சுரப்பு இன்னும் கூடும். அறுவைக்கு முன்னால் பத்து நாள் போல லுகால் கரைசல் என்ற அயோடின் மருந்து கொடுப்பது உண்டு, அது டாக்டர் கண்காணிப்பில் சுரப்பைத் தற்காலிகமாக அடக்க, சத்துக்காக அல்ல.

செலினியம் என்ற மினரல் இன்னும் சிக்கல். 2011இல் வந்த ஐரோப்பிய ஆய்வில், கிரேவ்ஸ் நோயால் கண் லேசாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு நாளுக்கு 200 மைக்ரோகிராம் வீதம் ஆறு மாதம் கொடுத்ததில் பலன் தெரிந்தது. அது கண்ணுக்கு. ஆனால் கடையில் ‘தைராய்டுக்கு’ என்றுதான் விற்கிறது. கால்சியமும் வைட்டமின் டியும் வேறு கதை, மிகைச்சுரப்பு எலும்பைக் கரைப்பதால் பல பேருக்கு உண்மையிலேயே தேவைப்படும்.

நம் ஊர்ப் பேச்சில் “எனக்குத் தைராய்டு இருக்கு” என்றால் கூடுதலா குறைவா என்றே தெரியாது என்பதையும் மறக்கக் கூடாது. எதிர்வீட்டு அக்காவுக்கு இருப்பது குறைவு. டப்பா மட்டும் கை மாறுகிறது.

அதனால் ‘மேலூட்டம்’ என்று வைக்கலாம் என்கிறேன். வயலுக்கு அடியுரம், மேலுரம் என்கிறோம் அல்லவா, அதே வழியில் சாப்பாடு அடியூட்டம், அதற்கு மேல் போடுவது மேலூட்டம். நல்லது என்றும் சொல்லவில்லை, குறை என்றும் சொல்லவில்லை. அப்புறம் மினரலுக்குத் ‘தாது உப்பு’ வேண்டாம், ‘கனிமச்சத்து’ போதும். தாது என்றதும் தாதுபுஷ்டி லேகியம் நினைவுக்கு வருகிறது, உப்பு என்றால் சமையல் உப்பு.

----

மறுமொழி:

தம்பி, வேளாண்துறையில் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். மேலுரம் நினைத்தபடி போடுவது இல்லை. நெல்லுக்கு இலை வண்ண அட்டையை வைத்துப் பார்த்து, இலை வெளிறியிருந்தால்தான் யூரியா. பச்சையாக இருக்கும்போது போட்டால் புகையான் பூச்சியைக் கூப்பிட்ட மாதிரி. அளந்து பார்த்துப் போடுவது என்ற பொருளும் உள்ளே இருப்பதால் மேலூட்டம் எனக்குச் சம்மதம். ஆனால் உங்கள் பெரியம்மாவிடம் “மேலூட்டம் சாப்பிடுகிறீர்களா” என்று கேட்டிருந்தாலும் இல்லை என்றுதானே சொல்லியிருப்பார்?

----

மறுமொழி:

உண்மைதான் ஐயா, அதை நான் யோசிக்கவில்லை. அடியூட்டத்தை விட்டுவிடுகிறேன், அது யாருக்கும் வேண்டாம். நோயாளிகளுக்கான தாளில் சொல்லை மட்டும் வைக்காமல், கேள்வியை இப்படி மாற்றி எழுதியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்:

“டாக்டர் எழுதிக் கொடுக்காமல் நீங்களாக வாங்கியோ, யாராவது கொடுத்தோ சாப்பிடும் மேலூட்டம் ஏதாவது உண்டா? முடிக்கு, எலும்புக்கு, தெம்புக்கு என்று எடுக்கும் மாத்திரை, பவுடர், லேகியம் எல்லாம் இதில் சேரும். டப்பாவைக் கையோடு கொண்டு வாருங்கள்.”