ஹெட்போனைக் கணினியில் செருகினால் பாடுபவரின் குரல் மட்டும் மறைவது ஏன்?

கேள்வி (ஏற்காடு):
அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு மேசைக் கணினியில் மகள் பகலில் இணையவழி வகுப்புகளைக் கேட்கிறாள். மாலையில் நான் கச்சேரிப் பதிவுகளைக் கேட்பேன். கைப்பேசியில் குறையின்றி ஒலிக்கும் எங்கள் மைக் வைத்த ஹெட்போனைக் கணினியின் முன்பக்கச் சாக்கெட்டில் செருகினால், பக்கவாத்தியங்கள் ஓரளவு கேட்கின்றன; பாடுபவரின் குரலோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் அமுங்கிவிடுகிறது. மைக்கும் வேலை செய்யவில்லை. கணினியைச் சேலத்துக்குத் தூக்கிச் செல்லுமுன், பழுது எதில் உள்ளது என்று அறிய விரும்புகிறேன்.

பதில் (அஸ்தம்பட்டி):
ஐயா, பெரும்பாலும் பழுது எதிலும் இராது. உங்கள் பிளக்கில் மூன்று கறுப்புக் கோடுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் அது இடது, வலது, கிரவுண்ட் (இரு காதுகளின் மின்னோட்டமும் திரும்பிச் செல்லும் பொதுவழி), மைக் என நான்கு தொடர்புகள் கொண்ட கைப்பேசி வகை. கணினியின் சாக்கெட் மூன்று தொடர்புகளுக்கானது என்றால், கிரவுண்டைத் தொட வேண்டிய தகடு மைக் பகுதியைத் தொட்டுவிடும். அப்போது இரு காதுகளின் ஒலிப்பான்களும் கிரவுண்ட் இன்றித் தொடராக இணைந்துவிடுவதால், இடத்துக்கும் வலத்துக்கும் உள்ள வேறுபாடு மட்டுமே கேட்கும். பாடுபவரின் குரலை இரு பக்கமும் சமமாகப் பதிவுசெய்வது வழக்கமாதலால், அதுதான் முதலில் மறைகிறது.

வயரில் உள்ள பொத்தானை அழுத்திப் பிடித்தபடி கேளுங்கள். பெரும்பாலான ஹெட்போன்களில் அந்தப் பொத்தான் மைக்கையும் கிரவுண்டையும் இணைக்கும். குரல் திரும்பினால் காரணம் உறுதி.

பதில் (செவ்வாய்ப்பேட்டை, கணினிப் பழுதுபார்ப்பு):
மேலே சொன்னது சரி. தீர்வு ஒரு பிரிப்பு வயர்: ஒரு முனையில் நான்கு தொடர்புச் சாக்கெட், மறுமுனையில் இரண்டு பிளக்குகள். ஹெட்போன் படமுள்ள பிளக்கைக் கணினியின் பச்சைச் சாக்கெட்டிலும், மைக் படமுள்ளதை இளஞ்சிவப்புச் சாக்கெட்டிலும் செருக வேண்டும். மைக்ரோசாஃப்டும் இன்டெலும் வெளியிட்ட பிசி 99 என்ற கணினி வடிவமைப்பு வழிகாட்டி இந்த நிறங்களை வகுத்தது. நீலம் வெளியிலிருந்து ஒலியை உள்ளே வாங்குவதற்கானது, அதில் ஹெட்போனைச் செருகாதீர்கள். வாங்கும்போது கவனமாகப் பாருங்கள்: ஒரே பாட்டை இருவர் கேட்பதற்கான வயரும் கடையில் தொங்கும், அதில் ஒரு பிளக்கும் இரண்டு சாக்கெட்டுகளும் இருக்கும், அது உங்களுக்கு உதவாது.

முன்பக்கச் சாக்கெட்டில் இரைச்சல் கேட்டால் பின்பக்கத்தைப் பயன்படுத்துங்கள், ஏனெனில் முன்பக்க வயர் பெட்டிக்குள் மற்ற பாகங்களை ஒட்டியே மதர்போர்டு வரை ஓடுகிறது. அங்கும் இரைச்சல் தொடர்ந்தால் மின்சுவிட்ச் பலகையில் எர்த் உள்ளதா என்று எலக்ட்ரீஷியனைக் கொண்டு சோதிக்க வேண்டும். ஏற்காட்டின் ஈரப்பதத்தில் சாக்கெட்டின் தகடுகள் கறுத்துக் கரகரக்கவும் கூடும்; மின்தொடர்புகளைச் சுத்தம் செய்யும் ஸ்பிரே போதும், தேங்காய் எண்ணெய் தடவவே கூடாது.

கேள்வி கேட்டவர்:
பொத்தானை அழுத்தியதும் குரல் தெளிவாக வந்துவிட்டது, மிக்க நன்றி. பின்பக்கம் மூன்று நிறங்களும் உள்ளன. வயர் வாங்கிய பிறகு கணினியில் ஏதேனும் மாற்ற வேண்டுமா?

பதில் (அஸ்தம்பட்டி):
விண்டோஸ் அமைப்புகளில் ஒலிப் பகுதிக்குச் சென்று, உள்ளீடாக இளஞ்சிவப்புச் சாக்கெட்டின் மைக்கைத் தேர்ந்தெடுங்கள். வெப்கேமரா இருந்தால் கணினி அதன் மைக்கையே பிடித்துக்கொண்டிருக்கலாம். மகளின் வகுப்புச் செயலியிலும் அதைத் தனியாக மாற்ற வேண்டியிருக்கும்.