நீர்கொழும்புக் கால்வாயில் படகுப் பயணம்: அரை நாள் போதுமா?

குளக்கட்டு (கிளிநொச்சி):
எல்லோருக்கும் வணக்கம். வருகிற மாசி மாதத்தில் கனடாவிலிருந்து வரும் அக்காவை அழைத்து வருவதற்காக நாங்கள் குடும்பமாக வான் பிடித்துக் கட்டுநாயக்கவுக்குப் போகிறோம். விமானம் மாலையில்தான் இறங்கும். நாங்கள் முதல் நாள் இரவே புறப்பட்டுவிடுவதால், விடியற்காலையிலிருந்து பின்னேரம் வரை நீர்கொழும்பில் எங்களுக்கு நேரம் இருக்கிறது. இதுவரை எங்கள் வீட்டிலிருந்து யார் விமான நிலையம் போனாலும், சோற்றுப் பார்சலை வானுக்குள் வைத்தே சாப்பிட்டு, விழிப்பும் தூக்கமுமாகக் காத்திருந்து திரும்பியதுதான் வழக்கம். இந்த முறை அந்த நேரத்தில், பாலத்தைக் கடக்கும்போது மட்டும் எட்டிப் பார்த்திருக்கிற ஒல்லாந்தர் கால்வாயில் படகில் போய்ப் பார்க்கலாம் என்று நினைக்கிறோம். அம்மாவுக்கு எழுபத்தொரு வயது, முழங்கால் வருத்தம் உண்டு. பிள்ளைகள் இருவருக்கும் ஒன்பதும் பன்னிரண்டும். எங்கே ஏறுவது நல்லது, அம்மாவால் ஏறி இறங்க முடியுமா, செலவழிப்பதற்கு ஏற்ற காட்சி அங்கே இருக்கிறதா என்பதைப் போய் வந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். ஆம்ஸ்டர்டாம் கால்வாய்களைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு, அதே ஆட்கள் வெட்டியதென்றால் இதுவும் அப்படித்தானே இருக்கும் என்று மூத்தவன் கேட்கிறான். அவனுக்கு என்ன சொல்வதென்றும் எழுதுங்கள்.

பழைய வாத்தியார் (முல்லைத்தீவு):
தம்பி, மகனுடைய கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். ஆம்ஸ்டர்டாமின் வளையக் கால்வாய்கள் 17ஆம் நூற்றாண்டில் ஒரு நகரத்தை விரிப்பதற்காகத் திட்டமிட்டு வெட்டப்பட்டவை. வணிகர்களின் வீட்டு வாசலுக்கே சரக்குப் படகு வந்து நின்றது. நீர்கொழும்புக் கால்வாயின் கரையில் அப்படியான மாளிகை வரிசையை எதிர்பார்த்துப் போனால் பிள்ளை ஏமாந்துபோவான். இங்கே ஒல்லாந்தருக்கு வேண்டியிருந்தது கறுவா. போர்த்துக்கேயரிடமிருந்து 1640இல் பிடித்து, உடனே இழந்து, 1644இல் மீண்டும் கைப்பற்றிய நீர்கொழும்பைச் சுற்றித்தான் தரமான கறுவா விளைந்தது. சோளகக் காலத்தில், அதாவது தென்மேல் பருவக்காற்று வீசும் காலத்தில், கடல் கொந்தளிக்கும்போதும் அதைக் கொழும்புக்குக் கொண்டுபோக உள்நாட்டு நீர்வழி தேவைப்பட்டதால், இருந்த களப்புகளையும் ஓடைகளையும் இணைத்து வெட்டினார்கள். அடி தட்டையான, ஓலைக்கூரை வேய்ந்த படகுகள் அந்த வழியில் சரக்கு ஏற்றிச் சென்றன. கோட்டை அரசர் காலத்திலேயே பாக்கும் மிளகும் ஏற்றிச் செல்ல அங்கே ஒரு கால்வாய் வெட்டப்பட்டிருந்தது என்றும் சொல்லப்படுகிறது. ஆகவே எல்லாவற்றையும் ஒல்லாந்தர் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

இன்னொரு திருத்தமும் உண்டு. சுற்றுலாக்காரர் பொதுவாக ‘டச்சுக் கால்வாய்’ என்று காட்டுகிற நீரோட்டங்களில், களப்புக்குத் தெற்கே கடற்கரையை ஒட்டி ஓடுவது ஆங்கிலேயர் வெட்டிய ஹமில்டன் கால்வாய். வருமான அதிகாரியாக இருந்த கவின் ஹமில்டனின் பெயரால் அழைக்கப்படும் அது 1802இல் தொடங்கி 1804இல் முடிக்கப்பட்டது. நீளம் ஏறத்தாழ 14.5 கிலோமீற்றர். ஏன் வெட்டினார்கள் என்பதுதான் வயல் செய்கிற வன்னிக் குடும்பத்துக்குச் சொல்ல வேண்டிய கதை. களப்புக்குத் தெற்கே கிடக்கும் சதுப்புக்கு முத்துராஜவெல என்று பெயர். சிங்களத்தில் ‘வெல’ என்றால் வயல். ஒரு காலத்தில் நெல் விளைந்த அந்த நிலத்துக்குள் கால்வாய் வழியே கடல்நீர் ஏறியது. உவர் ஏறிய வயல் கைவிடப்பட்டது. ஒல்லாந்தர் அணையும் மடையும் கட்டித் தடுத்துப் பார்த்தார்கள், சரிவரவில்லை. அந்த உவர்நீரை வடித்துக் கடலுக்கு விடலாம் என்று எண்ணி ஆங்கிலேயர் வெட்டியதுதான் ஹமில்டன் கால்வாய். அதிலும் வயல் திரும்பவில்லை. ஒரு வாய்க்காலை எங்கே திறப்பது, எங்கே மறிப்பது என்பதில் பிழைத்தால் நிலம் என்ன ஆகும் என்பதை இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இன்று அந்தச் சதுப்பு மூவாயிரம் ஹெக்டயருக்கு மேல் பரந்து கிடக்கிறது. அதன் வடபகுதி 1996இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. நீங்கள் படகில் இருந்து பார்க்கப்போகும் கண்டல் காடும் கொக்குகளும், நெல் தோற்ற இடத்தில் வந்து குடியேறியவை.

படகுக்கு முன்னும் பின்னும் நேரம் இருந்தால் ஒல்லாந்தர் கோட்டையின் வாசலைப் பாருங்கள். 1678 என்று ஆண்டு பொறித்திருக்கும். உள்ளே சிறைச்சாலை இயங்குவதால் வாசலோடு திரும்ப வேண்டியதுதான்.

மருதநிழல் (வவுனியா):
அண்ணா, சென்ற ஆண்டு என் மாமியாரை அழைத்துச் சென்று வந்த அனுபவத்தில் எழுதுகிறேன். ஐயா சொன்ன வரலாறு எதுவும் அன்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் முதல் அரை மணி நேரத்தை அவ்வளவு எரிச்சலோடு கழித்திருக்க மாட்டேன். நாங்கள் ஊருக்குள்ளேயே, விடுதிகள் இருக்கும் பக்கத்தில் ஏறினோம். அந்தத் துண்டில் கால்வாய் ஒடுக்கமானது. இருபுறமும் வீடுகளின் பின்பக்கம், கொடியில் உடுப்பு, கட்டிப் போட்ட வள்ளங்கள், இடையிடையே மிதக்கும் குப்பை. பாலமொன்றின் அடியில் போகும்போது இயந்திரம் திணறி நின்றது. ஓட்டி அதை உயர்த்திக் காற்றாடியில் சுற்றியிருந்த பொலித்தீன் பையையும் அறுந்த வலைத் துண்டையும் கத்தியால் கீறி எடுத்து, எடுத்ததை மீண்டும் தண்ணீருக்குள் போடாமல் காலடியில் இருந்த வாளிக்குள் போட்டார். அந்த ஒரு செயலுக்காகவே அவர்மேல் எனக்கு மதிப்பு வந்தது. ஆனால் படகை ஒழுங்கு செய்து தந்த தரகர் வேறு ஆள்: ஏறும்போது முழுப் படகுக்கும் என்று சொன்ன தொகையை, இறங்கும்போது ஒரு ஆளுக்கு என்று மாற்றினார். ஆகவே எத்தனை பேர், எவ்வளவு நேரம், எதுவரை, மொத்தம் எவ்வளவு என்பதை ஓட்டியின் முன்னிலையிலேயே பேசி முடியுங்கள்.

முதியவரோடு போவதென்றால் நான் ஊர்ப்பக்கத்தை விட்டுவிட்டு, பமுனுகமவுக்கு அருகே போபிட்டியவில் இருக்கும் முத்துராஜவெல பார்வையாளர் நிலையத்தையே பரிந்துரைப்பேன். அங்கே பழைய கால்வாய் வழியாகச் சதுப்புக்குள் போய்க் களப்பு வரை சென்று திரும்பும் பயணம் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். முதல் நாளே தொலைபேசியில் பதிவு செய்து, கூரை போட்ட படகா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். மாமியாருக்குப் படகில் இருப்பது சிரமமாக இருக்கவில்லை, ஏறுவதும் இறங்குவதும்தான் சிரமம். கரைக்கும் படகுக்கும் இடையே ஒரு முழத்துக்கு மேல் இறக்கம் இருந்தது. ஓட்டி மீன் பெட்டியொன்றைக் கவிழ்த்துப் படியாக வைத்து, தன் தோளைப் பிடிக்கச் சொல்லி இறக்கினார். பாதுகாப்பு அங்கியைக் கேட்டு வாங்குங்கள். கேட்காவிட்டால் அது இருக்கைக்கு அடியிலேயே கிடக்கும்.

நாயாற்றுக்காரன் (முல்லைத்தீவு):
சகோதரி சொன்னதில் பாதிக்கு உடன்படுகிறேன். பறவை பார்க்கப் போபிட்டிய நல்லது. ஆனால் பிள்ளைகள் வன்னியில் வளர்கிறவர்கள். நீர்க்காகத்தையும் கொக்கையும் வீட்டுக்குப் பக்கத்துக் குளத்திலேயே தினமும் பார்க்கிறார்கள். அவர்களுக்குப் புதிதாக இருக்கப்போவது களப்பில் நடக்கும் தொழில். நீர்கொழும்புக் களப்பில் கண்டல் கொப்புகளை வெட்டி வட்டமாக நட்டு, மீன் வந்து அடைவதற்குச் சில வாரம் விட்டுவைத்து, பிறகு வலையால் சுற்றி வளைத்துப் பிடிக்கும் முறை ஒன்று உண்டு. அதற்காகவே கரையில் கண்டலை நட்டு வளர்க்கிறார்கள். தண்ணீருக்கு மேலே நிற்கும் அந்தக் காய்ந்த கொப்புகளைச் சும்மா விறகு என்று நினைத்துக் கடந்துவிடாதீர்கள். களப்பின் வாய்ப்பக்கம் போனால் இறால் பிடிக்கக் கட்டும் வலைகளின் தடிகளைக் காணலாம். வற்று நீரோடு இறால் கடலுக்கு இறங்கும் நேரம் பார்த்து வலை கட்டுவார்கள். எந்த இடம் யாருக்கு என்பதைத் துவ, பிட்டிபன போன்ற இடங்களின் மீனவர் சங்கங்கள் சீட்டுக் குலுக்கி முறை வைத்துக் கொடுக்கின்றன. நம் கரைகளில் மீன் பிடிக்கும் களங்கட்டிக்கு இடம் பிரிக்கும்போது எழும் சத்தத்தைக் கேட்டவன் என்பதால், அந்த ஒழுங்கை நான் மெச்சுகிறேன்.

அம்மாவுக்குப் பேச்சுத்துணையும் கிடைக்கும். அங்கே வயதான மீனவர்கள் பலர் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள், ஓசை மட்டும் நம்முடையதிலிருந்து சற்று வேறு. நான் ஏறிய படகின் ஓட்டி, முல்லைத்தீவு என்றதும் கைப்பிடியைத் தளர்த்தி வேகத்தைக் குறைத்துவிட்டு, சிறு வயதில் தகப்பனோடு சோளகக் காலத்தில் நாயாற்று வாடியில் (மீனவர் பருவத்துக்கு வந்து தங்கும் குடிசை) இருந்ததைச் சொல்லி, குடிதண்ணீர் எடுத்த கிணறு இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். அந்த வாடிகள் தொடர்பாக எங்கள் கரையில் இன்றும் மனத்தாங்கல் உண்டு. அதை இந்த இழையில் இழுக்க விரும்பவில்லை. கிணறு இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

மாசி மாதம் நல்ல காலம். சோளகம் தொடங்க இன்னும் நாள் இருக்கும். ஞாயிற்றுக்கிழமையைத் தவிருங்கள். பெரும்பாலானோர் கத்தோலிக்கர் என்பதால் அன்று தொழிலுக்குப் போவதில்லை. வள்ளங்களெல்லாம் கட்டிக் கிடக்கும்.

குளக்கட்டு (கிளிநொச்சி):
மூவருக்கும் மிகுந்த நன்றி. விடியற்காலையில் மீன் சந்தைப் பக்கம் போய், ஏழு மணிக்குப் போபிட்டியவில் படகு ஏறி, வெயில் ஏறுமுன் திரும்பிக் கோட்டை வாசலைப் பார்க்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். உவர் ஏறிய வயலின் கதையை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். கொக்கையும் கண்டலையும் விட்டுவிட்டு, மடை எந்த இடத்தில் இருந்தது என்று காட்டுவார்களா என்றுதான் கேட்கிறார். ஒரே ஒரு சந்தேகம்: அந்தப் படகு இறால் வலை கட்டும் களப்பு வாய் வரை போகுமா?

நாயாற்றுக்காரன் (முல்லைத்தீவு):
போகாது, தம்பி, அது களப்பின் தெற்கு ஓரத்தோடு திரும்பிவிடும். களப்பு வாய் வடக்கே, ஊரோடு ஒட்டி இருக்கிறது. மீன் சந்தைக்குப் போகும்போதே பாலத்தில் நின்று பார்த்தால் அந்தத் தடிகள் தெரியும், அதற்குப் படகு தேவையில்லை.