கலப்புத் தற்காப்புக் கலை: ‘வெல் ரவுண்டட் ஃபைட்டர்’ என்பதற்குத் தமிழில் ஒரு சொல்

காரைக்குடியிலிருந்து:

குழுவினருக்கு வணக்கம். எம்எம்ஏ (கலப்புத் தற்காப்புக் கலை) சொற்பட்டியலில் ‘வெல் ரவுண்டட் ஃபைட்டர்’, அதாவது எல்லா விதச் சண்டையிலும் தேர்ந்தவர், என்ற இந்த ஒரு கட்டம் மட்டும் நெருடுகிறது. இப்போதைக்கு ‘சகலதுறை வீரர்’ என்று போட்டிருக்கிறோம். இலங்கைத் தமிழர் கிரிக்கெட்டில் ஆல்ரவுண்டருக்குச் சொல்வது. அங்கே அது பொருந்தும், பந்து வீசுகிறவர் அதே நேரத்தில் மட்டை பிடிப்பதில்லை. எம்எம்ஏ சண்டை நடக்கும் கூண்டுக்குள் அப்படியில்லை. நின்றடி (நின்றபடி குத்தும் உதையும்), கட்டிப்பிடி (நின்றபடி பிடித்துக்கொண்டு மல்லாடுவது), தரைப்பிடி (கீழே விழுந்தபின் பிடிச்சண்டை) மூன்றும் ஒரே ஐந்து நிமிடச் சுற்றுக்குள், சில சமயம் ஐந்து நொடிக்குள் வரும். ‘நிறைமல்லர்’ எப்படி இருக்கிறது?

தேவகோட்டையிலிருந்து:

அண்ணே, ‘நிறை’ வேண்டாம். எடைப்பிரிவை நிறைப்பிரிவு என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். நிறைமல்லர் என்றால் ஹெவிவெயிட் என்றுதான் படிப்பார்கள். எம்எம்ஏ வீரர் டெமெட்ரியஸ் ஜான்சன் 125 பவுண்டு (சுமார் 57 கிலோ) பிரிவில் ஆடியவர், அவருக்கு இந்தப் பெயரா? இன்னொன்று, மல் என்றால் பிடிச்சண்டை. குத்தும் உதையும் அதற்குள் அடங்குமா?

கானாடுகாத்தானிலிருந்து:

மல்லர் இருக்கட்டும் தம்பி. கம்சனின் மல்லர்களில் ஒருவன் பெயரே முஷ்டிகன், முஷ்டி என்றால் மூடிய கை. புறநானூறு 80-ஆம் பாட்டில் சோழன் நற்கிள்ளி ஆமூர் மல்லனை வீழ்த்தும்போது ஒரு கால் மார்பில் இருக்கிறது, மறு கால் பின்னால் போகிறது. தரைப்பிடியும் பழைய சரக்குதான்.

சிக்கல் முன்னொட்டில் இருக்கிறது. ‘பன்முக’, ‘சகல’, ‘நிறை’ மூன்றும் பல வித்தை தெரியும் என்பதோடு நின்றுவிடுகின்றன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது அதில் வரவில்லை. எம்எம்ஏ வீரர் ஜார்ஜ் செயின்ட் பியரை எடுத்துக்கொள்ளுங்கள். கியோகுஷின் கராத்தேயில் வளர்ந்தவர். ஆனால் 2007 ஆகஸ்டில், அமெரிக்கக் கல்லூரி மல்யுத்தத்தில் பட்டம் வென்ற ஜாஷ் காஸ்செக்கையே கீழே தள்ளினார். காஸ்செக்கைவிட அவருக்கு மல்யுத்தம் கூடுதலாகத் தெரியும் என்பதில்லை. அவருடைய இடதுகை நேர்க்குத்தும் இரட்டைக்கால் வாரலும் (இரு கால்களையும் பிடித்துக் கீழே தள்ளுவது) ஒரே மாதிரி தொடங்கும்: முன்னங்காலை எடுத்துவைப்பது, முழங்கால் மடிப்பு, தோள் அசைவு. குத்து என்று நினைத்துக் கையைத் தூக்கினால் இடுப்புக்குக் கீழே காவல் இல்லை. வாரப் போகிறார் என்று குனிந்தால் முகத்தில் குத்து விழும்.

குத்து இல்லாமல் தூரத்திலிருந்தே வாரப் பாய்பவருக்கு என்ன ஆகும்? பாய்கிற வழியிலேயே முதுகு கூனித் தலை தாழும். எதிராளி காலைப் பின்னுக்கு எறிந்து இடுப்பால் அழுத்துவார், கழுத்து அவர் அக்குளுக்குள் போய்விடும். அப்புறம் கில்லட்டின்தான், முன்னாலிருந்து கையால் கழுத்தை நெரிக்கும் பிடி. நிற்கும் விதமும் அப்படியே. உதைகாரர் நிமிர்ந்து நிற்பார், மல்யுத்தக்காரர் தாழ்ந்து நிற்பார். இரண்டுக்கும் நடுவில் நின்று பழகாதவர் எத்தனை வித்தை கற்றாலும், மாறப் போவதை உடம்பே காட்டிக்கொடுத்துவிடும்.

ஜான்சன் 2017 அக்டோபரில் ரே போர்க்கைப் பின்னாலிருந்து தூக்கி எறிந்தார். போர்க் தரையில் விழுமுன்பே அவர் கையைப் பிடித்துக் முழங்கையை வளைத்துப் பணியவைக்கும் கைப்பூட்டுக்கு மாறிவிட்டார். ஐந்தாம் சுற்று, தொடர்ச்சியாகப் பட்டத்தைக் காத்த 11-ஆவது சண்டை. எறிதல் எங்கே முடிந்தது, பூட்டு எங்கே தொடங்கியது என்று கோடு போட முடியாது. நமக்கு வேண்டிய சொல் இதைச் சொல்ல வேண்டும்.

காரைக்குடியிலிருந்து:

அப்படியானால் ‘முக்கட்டு மல்லர்’. நம் செட்டிநாட்டு வீடுகளில் முதல் கட்டு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று பகுதிகள் வரும். கதவுகளெல்லாம் ஒரே நேர்கோட்டில், முகப்பில் நின்றால் கொல்லைவரை தெரியும். ‘கட்டு’ என்பதில் பிடியும் இருக்கிறது. ‘கோவை மல்லர்’ என்றும் யோசித்தேன், கோத்துச் செய்கிறவர் என்ற பொருளில். கோயம்புத்தூர்க்காரர் என்று ஆகிவிடும்.

தேவகோட்டையிலிருந்து:

சொல் பிடித்திருக்கிறது. ஆனால் கபீப் நூர்மகமதோவை எங்கே வைப்பது? 29 சண்டை, தோல்வியே இல்லை. பெரும்பாலும் வேலியோரம் தள்ளி, காலைப் பூட்டி, கீழே போட்டு அடிப்பதுதான்.

கானாடுகாத்தானிலிருந்து:

முக்கட்டு என்பது தரச்சான்று இல்லை தம்பி, வகை. கபீப் ஒரு கட்டில் அசைக்க முடியாதவர், எதிராளியை அங்கேயே இழுத்து வருவார். 2018-இல் மெக்கிரகரை இரண்டாம் சுற்றில் வலக்கைக் குத்தால் சாய்த்தார், அதற்கும் வாரலைப் பற்றி மெக்கிரகருக்கு இருந்த பயம் வழிவிட்டது. அதனால் அவரை விளிம்பில் வைப்பேன். அவர் கூட்டாளி மகச்சேவ் தயங்காமல் உள்ளே வருவார்: 2022-இல் ஒலிவேராவைக் கைமுக்கோண நெரியால் (கையால் கழுத்தை இறுக்கும் பிடி) பணியவைத்தார், 2023-இல் வோல்கனோவ்ஸ்கியைத் தலை உதையால் வீழ்த்தினார். ரோண்டா ரௌசி வரமாட்டார். ஜூடோவில் 2008 ஒலிம்பிக் வெண்கலம், கைப்பூட்டில் அப்போது அவருக்கு நிகரில்லை. 2015-இல் ஹோலி ஹோம் தள்ளி நின்றே அடித்தபோது, பிடிக்குப் போக வழி திறக்கவில்லை.

காரைக்குடியிலிருந்து:

சரி, இப்படிப் பதிகிறேன். முக்கட்டு மல்லர்: நின்றடி, கட்டிப்பிடி, தரைப்பிடி மூன்றிலும் தாக்கவும் காக்கவும் தெரிந்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எதிராளி அறியாமல் மாறக்கூடியவர். வேலியில் முதுகு சாய்த்து எழுந்திருப்பதைக் கட்டிப்பிடிக்குள் அடக்குகிறேன், தனிக் கட்டு வேண்டாம். ‘கில்லட்டின்’ இன்னும் பாக்கி. ‘முன்கழுத்து நெரி’ என்று வைத்தால் யாருக்காவது மறுப்பு உண்டா?