ஃபெயில்ஓவர் டெஸ்ட்: சர்வர் மாறுகிறது, கிளையன்ட் தொங்குகிறது (அவசரம்)

மாசிவீதி_ஐடி:
வணக்கம். எங்கள் ஜவுளிக்கடையில் ரெண்டு சர்வர் கிளஸ்டர். ஒன்று விழுந்தால் மற்றது வேலையை எடுக்கிறதா என்று ஃபெயில்ஓவர் டெஸ்ட் செய்கிறோம். ஒன்றை நிறுத்தினால் மற்றது உடனே எடுத்துக்கொள்கிறது, பிங்கும் (சர்வர் பதில் தருகிறதா என்று பார்க்கும் சோதனை) வருகிறது. ஆனால் பில்லிங் கிளையன்ட் (பில்லிங் சாஃப்ட்வேர் ஓடும் கம்ப்யூட்டர்கள்) பாதி தொங்கிவிடுகிறது. சிலது தானாக வருகிறது, சிலது வரவே இல்லை. தீபாவளிக் கூட்டம் ஆரம்பிப்பதற்குள் முடித்தாக வேண்டும், முதலாளி தலைமேல் நிற்கிறார். யாராவது சொல்லுங்கள்.

நத்தம்ரோடு:
என்ன ஓஎஸ்? சர்வரை மாற்றிவிடும் சாஃப்ட்வேர் எது, விண்டோஸ் கிளஸ்டரா, பேஸ்மேக்கரா, கீப்அலைவ்டியா? கிளையன்ட்கள் எங்கே இருக்கின்றன?

டிஎன்எஸ்_தாசன்:
சந்தேகமே வேண்டாம், பெயரை ஐபி முகவரியாக மாற்றும் டிஎன்எஸ்தான். டிடிஎல்லை (பழைய பதிலை நினைவில் வைத்திருக்கும் நேரம்) 60 வினாடிக்குக் குறையுங்கள். ஜாவா கிளையன்ட் என்றால் தனியாக ஒரு கேஷ் வைத்திருக்கும், அதையும் பாருங்கள்.

நத்தம்ரோடு:
பெயரில் போகிறாரா ஐபியில் போகிறாரா என்றே அவர் இன்னும் சொல்லவில்லை.

மாசிவீதி_ஐடி:
உபுண்டு, கீப்அலைவ்டி. கிளையன்ட் எல்லாம் விண்டோஸ். விர்ச்சுவல் ஐபியை (வேலையில் இருக்கும் சர்வரிடம் மாறிப்போகும் பொது முகவரி) நேரடியாகப் போட்டிருக்கிறோம், டிஎன்எஸ் இல்லை.

டிஎன்எஸ்_தாசன்:
அப்படியென்றால் சுவிட்சில் லூப் வராமல் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீ. போர்ட் அப் ஆனதும் காத்திருக்க வைக்கும், அதைத் தவிர்க்கும் போர்ட்ஃபாஸ்ட் போடாவிட்டால் 30 வினாடி போய்விடும்.

ரேக்_பெரியவர்:
ஸ்டாண்ட்பை (காத்திருக்கும் இரண்டாவது சர்வர்) போர்ட் ஏற்கெனவே அப்பில் இருக்கிறது, ஸ்பானிங் ட்ரீ எங்கே வந்தது? தம்பி, 'நிறுத்தினால்' என்று மொட்டையாக எழுதியிருக்கிறீர்கள். ஸ்டாப் கொடுத்தீர்களா, லேன் கேபிளைப் பிடுங்கினீர்களா, பவர் கார்டை உருவினீர்களா? மூன்றும் மூன்று விதம். இதைக்கூட எழுதாமல் 'அவசரம்' என்று தலைப்பு மட்டும் வைக்கத் தெரிகிறது.

மாசிவீதி_ஐடி:
முதலில் ஸ்டாப். அதில் எல்லாம் வந்தது. நேற்றிரவு கடை அடைத்த பிறகு பவர் கார்டை உருவினேன், அப்போதுதான் இந்தத் தொல்லை.

வைகைப்பாலம்:
பெரியவர் கோபத்தை விடுங்கள், கேள்வி சரியான கேள்விதான்.

முறையாக ஸ்டாப் கொடுத்தால் சர்வர் ஒவ்வொரு டிசிபி இணைப்பையும் மூடிவிட்டுப் போகிறது. கிளையன்ட்டுக்கு உடனே தெரியும், மறுபடி இணைந்துகொள்ளும். கீப்அலைவ்டியும் 'நான் விலகுகிறேன்' என்று முன்னுரிமை 0 போட்டுச் சொல்லிவிடும், அதனால் மாற்றம் சட்டென்று நடக்கும். பவரை உருவினால் சொல்ல ஆளில்லை. 'உயிரோடு இருக்கிறேன்' என்ற அறிவிப்பின் இடைவெளி 1 வினாடி என்றால் ஸ்டாண்ட்பை 3, 4 வினாடி காத்திருந்து ஐபியை எடுக்கும். அதுவரை சரி. கிளையன்ட்தான் சிக்கல். அடுத்து ஏதாவது அனுப்பும் கிளையன்ட்டுக்குப் புது சர்வர் 'இந்த இணைப்பு எனக்குத் தெரியாது' என்று ரீசெட் அடிக்கும், அது பிழைத்துக்கொள்ளும். கேள்வி அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் கிளையன்ட் அனுப்ப ஒன்றுமில்லாமல் அப்படியே உட்கார்ந்திருக்கும். எதிர்முனை உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் டிசிபி கீப்அலைவ் (கீப்அலைவ்டி வேறு) இயல்பில் 7200 வினாடி, அதுவும் அப்ளிகேஷன் கேட்டால்தான். பில்லிங் சாஃப்ட்வேரில் ரீட் டைம்அவுட் (பதில் வராவிட்டால் காத்திருப்பதைக் கைவிடும் நேரம்) இருக்கிறதா பாருங்கள்.

பிங்கை நம்பாதீர்கள். கவுன்ட்டரில் ஒரு ஆளை உட்காரவைத்து, சேலை ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்துகொண்டிருக்கும்போதே உருவுங்கள். பாதி பில் என்ன ஆகிறது என்று அப்போதுதான் தெரியும்.

அப்புறம், வரவே வராத கிளையன்ட்கள் எங்கே இருக்கின்றன?

மாசிவீதி_ஐடி:
வராதவை எல்லாம் கப்பலூர் குடோன். ஸ்டாப் டெஸ்ட் சமயத்தில் அங்கே ஆள் இல்லை.

நத்தம்ரோடு:
அண்ணே, முதல் பதிலிலேயே இதைத்தானே கேட்டேன்! குடோன் ரவுட்டர் வழியாகத்தானே வருகிறது? கடையில் உள்ள ரவுட்டர் இன்னும் பழைய சர்வரின் மேக் முகவரியை (நெட்வொர்க் கார்டின் எண்) பிடித்துக்கொண்டிருக்கும். ஐபி மாறியதும் கீப்அலைவ்டி 'இந்த ஐபி இனி இந்த மேக்கில்' என்று கிராட்டூயிட்டஸ் ஏஆர்பி அனுப்பும், ஆனால் சில ரவுட்டர்கள் அதைக் கண்டுகொள்வதில்லை. சிஸ்கோவில் எந்த ஐபிக்கு எந்த மேக் என்ற ஏஆர்பி பதிவு இயல்பாக 4 மணி நேரம் இருக்கும். ரவுட்டர் ஏஆர்பி டேபிளைப் பாருங்கள். நிரந்தரத் தீர்வு வேண்டுமென்றால் கீப்அலைவ்டியில் விர்ச்சுவல் மேக் போடுங்கள். எந்த சர்வரிடம் ஐபி போனாலும் மேக் அதேதான், ரவுட்டருக்கு எதுவும் தெரிய வேண்டியதில்லை.

ரேக்_பெரியவர்:
அடிப்படையே கோணல். ரெண்டு நோடை (சர்வரை) வைத்துக் கிளஸ்டர் என்று சொல்லக்கூடாது. இரண்டுக்கும் நடுவில் சுவிட்ச் போனால் இரண்டுமே 'நான்தான் மாஸ்டர்' என்று ஐபியை எடுக்கும். கீப்அலைவ்டிக்கு குவோரம் (பெரும்பான்மை ஓட்டில் முடிவெடுப்பது) என்ற பேச்சே கிடையாது.

கேபிள்_தம்பி:
ஐயா, ஜவுளிக்கடைக்கு மூன்றாவது சர்வர் யார் வாங்கிக் கொடுப்பார்கள்?

ரேக்_பெரியவர்:
சர்வர் எதற்கு? கீப்அலைவ்டிக்குப் பதில் பேஸ்மேக்கர், கோரோசிங்க் போட்டால் ஓட்டுப் போட மட்டும் ஒரு பழைய டெஸ்க்டாப் போதும். படித்துவிட்டுப் பேசவும்.

கேபிள்_தம்பி:
அந்த டெஸ்க்டாப்பும் அதே யுபிஎஸ்ஸில்தான் மாட்டியிருக்கும். விளக்குத்தூண் பக்கம் ஒரு கடை சர்வர் ரூமைப் பார்த்திருக்கிறேன். ரெண்டு சர்வர், ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அதிலேயே சாமி படத்துக்கு சீரியல் லைட்.

டிஎன்எஸ்_தாசன்:
சீரியல் லைட் டிரிப் ஆனால் அதுவும் ஒரு ஃபெயில்ஓவர் டெஸ்ட்தான்.

ரேக்_பெரியவர்:
இந்த இழையில் விவரமாகப் பேச ஆளே இல்லை.

வைகைப்பாலம்:
இழை தொடங்கியவர் எங்கே? ரவுட்டரைப் பார்த்தீர்களா?

மாசிவீதி_ஐடி:
குடோன் வந்துவிட்டது, ஏஆர்பிதான். டைம்அவுட்டை சாஃப்ட்வேர்காரரிடம் சொல்லியிருக்கிறேன். அனைவருக்கும் நன்றி.

நத்தம்ரோடு:
விர்ச்சுவல் மேக் போட்டீர்களா, டேபிளை கிளியர் மட்டும் செய்தீர்களா? கிளியர் மட்டும் என்றால் அடுத்த தடவையும் குடோன் தொங்கும்.

நத்தம்ரோடு:
அண்ணே?