படிப்பு முடித்து வந்த மறுநாள், பழையது

எனக்கு ஊர் மன்னார்குடிப் பக்கம், பாமணியாற்றங்கரையில் ஒரு கிராமம். பன்னிரண்டாவது முடித்ததும் உணவுத் தயாரிப்பில் ஒன்றரை வருடச் சான்றிதழ்ப் படிப்பில் சேர்ந்தேன். ஒரு வருடம் வகுப்பு, கடைசி ஆறு மாதம் ஹோட்டல் கிச்சனில் பயிற்சி. சேர்ந்தபோது சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: "சோறாக்கக் கத்துக்கப் பொம்பளப் புள்ள காசு கட்டிப் படிக்கணுமா?" அப்பா யாருக்கும் பதில் சொல்லவில்லை. சம்பா நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்ட காசில் முதல் தவணையைக் கட்டிவிட்டு வந்தார்.

போன தை மாதம்தான் படிப்பு முடிந்தது. துணிப்பையோடு கத்திப்பையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு தஞ்சாவூரில் பஸ் ஏறினேன். வடுவூர் ஏரி தாண்டியதும் ரோட்டின் இரண்டு பக்கமும் அறுப்பு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்து சேர இருட்டிவிட்டது, அன்றைக்கு என்ன சாப்பிட்டேன் என்றே நினைவில்லை. மறுநாள் காலையில்தான் அப்பாயி என் முன்னால் மண்பானையைக் கொண்டுவந்து வைத்தது.

"நேத்து ராத்திரி வடிச்சதுதான் ஆயி. தின்னு, ஒடம்பு சூடு எறங்கும்."

என் கை தயங்கியது. அந்தப் பானையில் தின்று வளர்ந்த எனக்கு அப்படித் தயக்கம் வந்தது அதுதான் முதல் தடவை. காரணம் இருந்தது. எங்களுக்கு மிகவும் அழுத்திச் சொல்லிக்கொடுத்த பாடம், சமைத்த உணவு 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில் வெளியே கிடக்கக் கூடாது என்பது. சோற்றுக்கு இன்னும் கண்டிப்பு. அரிசியில் இருக்கும் பாசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதியிலும் சாகாது. வெதுவெதுப்பான சோற்றில் அது பெருகி உண்டாக்கும் ஒரு நஞ்சு, திரும்பச் சூடுபண்ணினாலும் போகாது. பாடத்தில் தப்பில்லை. வடித்த சோற்றை அப்படியே மூடிவைத்து மறுநாள் கிளறித் தின்றால் வாந்தி எடுக்க நேரலாம்.

ஆனால் அப்பாயி அப்படிச் செய்வதில்லை. அன்றைக்கு ராத்திரி பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். கஞ்சியைச் சுத்தமாக வடித்த புழுங்கலரிசிச் சோறு. முறத்தில் பரப்பி ஆவி அடங்கவிட்டது. அப்புறம் பானையில் போட்டு, சோறு மூழ்கி நாலு விரல் நிற்கும்படி தண்ணீர். பானையைத் தொட்டுப் பார்த்தேன், மண் கசிந்து கசிந்து வெளிப்பக்கம் சில்லென்றிருந்தது. கடைசியாகக் காலையில் எடுத்துவைத்திருந்த நீராகாரத்தில் ஒரு கரண்டி ஊற்றியது.

"இது எதுக்கு அப்பாயி?"

"பனிக் காலம்ல. ஒற ஊத்துனாத்தான் வெள்ளன புளிக்கும்."

வகுப்பில் ரொட்டிக்குப் புளித்த மாவு எடுத்துவைத்து வளர்த்தது நினைவுக்கு வந்தது. அதே வேலைதான். புளிக்கவைக்கும் நல்ல பாக்டீரியாவை முதலிலேயே உள்ளே விட்டுவிடுவதால் சீக்கிரம் புளிப்பேறுகிறது, கெட்டது வளர இடம் குறைகிறது. வேறு இரண்டு விதியும் வைத்திருந்தது அப்பாயி. ஒருநாள் பழையதுதான், இரண்டாம் நாளுக்குப் போகக் கூடாது. வாடை கொஞ்சம் மாறினாலும் கழனித் தொட்டிக்குத்தான். எங்கள் செஃப் சொல்லும் கண்டிப்புக்கு இது குறைந்ததில்லை. இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன்.

ரிசோட்டோ என்று இத்தாலிச் சோறு ஒன்று கற்றுக்கொண்டோம். அதில் அரிசியின் மாவுச்சத்து வெளியே வந்து குழைய வேண்டும், அதுதான் அதன் ருசி. நம் வடிசோறோ அதை வெளியே தள்ளிவிட்டு உதிரியாய் நிற்பது. இரண்டுமே எனக்குப் பிடிக்கும்.

நான் சொல்ல வந்தது அப்பாயி பழையது போட்ட அந்த ராத்திரிக்கு அடுத்த நாள் காலையைப் பற்றி.

பயிற்சி எடுத்த ஹோட்டலில் தினமும் 12 மணி நேரம் நிற்க வேண்டும். எங்களுக்கான சாப்பாட்டைப் பின்பக்கம் பாத்திரம் கழுவுகிற இடத்தில் நின்றபடியே பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு ஓட வேண்டும். ஆறு மாதத்தில் ஒருநாள்கூட உட்கார்ந்து தின்ற நினைவில்லை. அங்கே அழுகை வரும்போதெல்லாம் அம்மாதான் கண்ணுக்குள் வருவார். அம்மா எங்கள் வீட்டில் என்றைக்குமே எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. எல்லோரும் எழுந்த பிறகு, அடுப்படி வாசலில், மிச்சமிருப்பதைத் தட்டில் போட்டுக்கொள்வார். இருபது வருடம் பக்கத்திலிருந்தும் நான் அதைக் கவனிக்கவே இல்லை.

தையில் பனி காயாமல் மெஷின் வயலில் இறங்காது. ஈரத்தோடு அறுத்தால் நெல்லைக் காயவைத்தே ஆளுக்குச் சலித்துவிடும். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பதுதான் கணக்கு. அதனால் அறுப்பு நாளிலும் ஒன்பது மணிவரை அப்பா வீட்டில்தான் இருப்பார். எனக்கு அந்த நேரம் போதும்.

கிச்சனில் முதல் நாள் கற்றுத்தருவது 'மீஸான் பிளாஸ்'. அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே தேவையானது எல்லாவற்றையும் வெட்டி, அளந்து, கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிடுவது. ஆர்டர் வந்த பிறகு யாரும் எதையும் தேடி ஓடக் கூடாது. அதைத்தான் எங்கள் கூடத்தில் செய்தேன். பாய் விரித்து, நடுவில் பானை. சுற்றிலும் உப்பு, மோர், உரித்த சின்ன வெங்காயம், வறுத்த மோர்மிளகாய், கொத்தவரங்காய் வத்தல், நார்த்தங்காய் ஊறுகாய், முந்தினநாள் வத்தக்குழம்பைச் சுண்டவைத்தது. ஒரு செம்புத் தண்ணீர், ஐந்து டம்ளர், ஐந்து தட்டு. பழையதில் இது ஒரு வசதி. சூடாகப் பரிமாற ஒன்றுமில்லை, அடுப்படியில் யாரும் நிற்க வேண்டியதில்லை.

"நீங்க சாப்புடுங்க, நான் அப்பறம்..." என்று அம்மா ஆரம்பித்தார். கையைப் பிடித்து உட்காரவைத்தேன்.

உட்கார்ந்தவர் ஒரு காலை மடக்கவே இல்லை. எழுந்திரிக்கிற மாதிரியே குத்துக்கால் வைத்திருந்தார்.

"உப்பு எடுத்துட்டு வரேன்."

"இந்தா இருக்கும்மா."

"அப்பாவுக்குத் தண்ணி..."

"அதும் இருக்கு."

தங்கச்சி சிரித்தாள். அப்பா ஒன்றும் பேசாமல் மோர்மிளகாய்க் கிண்ணத்தை அம்மா பக்கம் நகர்த்தினார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. கொஞ்சம் கழித்து அம்மா அந்தக் காலையும் மடக்கி உட்கார்ந்தார்.

அப்பாயி பானைக்குள் கைவிட்டுச் சோற்றைப் பிழிந்து உருட்டியது. "நீட்டு ஆயி" என்றதும் நான் கையை நீட்டினேன். அது என்னைத் தாண்டி அம்மாவின் உள்ளங்கையில் கவளத்தை வைத்து, கட்டைவிரலால் நடுவில் குழி அமுக்கி, அதில் சுண்டின குழம்பை விட்டது.

"நீதான் இவ்ளோ நாளா ஆறிப்போனதத் தின்னவ. மொதல்ல நீ தின்னு."