பைக்கின் பின்னால் கூடுதல் எல்இடி: பின்னால் வருபவருக்கு என்ன தெரிகிறது?

விழுப்புரம், 125 சிசி பைக்

பின்பக்கம் கூடுதலாக எல்இடி போட்டவர்கள் அனுபவத்தை எழுதுங்கள். அப்படிப் போட்ட வண்டிக்குப் பின்னால் ஓட்டிப் போனவர்கள் கட்டாயம் எழுதுங்கள். ஓட்டும்போது நம் வண்டியின் பின்பக்கத்தை நாம் பார்க்க முடியாது, பார்த்தவர் சொன்னால்தான் உண்டு.

முதலில் நான். என் வண்டியில் வந்தது 12 வோல்ட், 21/5 வாட் பல்பு. ஒரே பல்புக்குள் இரண்டு இழை: டெயில் லைட்டுக்கு 5 வாட், பிரேக் பிடித்தால் 21 வாட். ஒரு நாள் இரவு திண்டிவனம் தாண்டி வந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் வந்த பஸ்ஸின் கண்டக்டர் படியில் நின்றபடியே, "தம்பி, பின்னாடி லைட்டே இல்ல!" என்று சத்தம் போட்டார். 5 வாட் இழை அறுந்துபோயிருந்தது. 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் எஞ்சின் ஓடும்போதெல்லாம் ஹெட்லைட் எரிகிறது. முன்னால் வெளிச்சம் இருந்தால் பின்னாலும் எரிகிறது என்று மனசு எடுத்துக்கொள்கிறது. ஒற்றைப் பல்பை நம்பி ராத்திரியில் நெடுஞ்சாலையில் போகக்கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

பிறகு நான் போட்டது இது: நம்பர் பிளேட்டுக்கு மேலே இரண்டு சின்ன சிவப்பு எல்இடி, டெயிலோடு சேர்ந்து எரியும். கிராப் ரெயிலுக்கு (பின்னால் உட்காருபவர் பிடிக்கும் கம்பி) கீழே அகலமான ஒரு எல்இடி பட்டை, அது பிரேக்குக்கு மட்டும். மற்ற நேரத்தில் அந்தப் பட்டை அணைந்தே இருக்கும். என் நண்பர் வண்டியில் இதே பட்டை எப்போதும் முழுசாக எரியும், பிரேக் பிடித்தால் இன்னும் கொஞ்சம் கூடும். செஞ்சிக்குப் போகும்போது அவர் பின்னாலேயே போனேன். அவர் பிரேக் பிடித்ததை இடைவெளி குறைந்ததை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன், விளக்கு எனக்கு எதுவும் சொல்லவில்லை. திரும்பி வந்ததும் நான் அவர் வண்டியில் உட்கார்ந்து பிரேக் பிடித்து, அவரையே பின்னால் நின்று பார்க்கச் சொன்னேன். அடுத்த வாரமே வயரை மாற்றிவிட்டார்.

இன்னொன்று. இழை பல்பு சூடேறி முழு வெளிச்சத்துக்கு வர எல்இடியைவிட ஏறக்குறைய 0.2 வினாடி அதிகம் எடுக்கும். 80 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற கார் அந்த நேரத்தில் நாலரை மீட்டருக்குக் கிட்ட வந்துவிடும். ஒரு காரின் நீளம் அது.

நாமக்கல், லாரி ஓட்டுநர், பைக்கும் உண்டு

விழுப்புரம் தம்பி கேட்டது என்னைப் போன்ற ஆட்களைத்தான், அதனால் எழுதுகிறேன்.

கேபினில் உட்கார்ந்திருக்கும் எங்களுக்கு பைக் எப்போதும் கீழே தெரியும். தாழ்வாக, சேற்றுத் தடுப்பின் நுனியில் ஒட்டிய விளக்கு லாரி கிட்ட வந்தால் கண்ணாடிக்குக் கீழே மறைந்துவிடும். சீட் உயரத்திலோ அதற்கு மேலேயோ இருந்தால் நல்லது.

தொப்பூர் கணவாயில் இறங்கும்போது ஒருமுறை முன்னால் ஒரு பைக். பின்னால் சிவப்பும் நீலமுமாக விடாமல் வெட்டி வெட்டி மின்னியது. முதலில் போலீஸ் வண்டியோ, ஆம்புலன்ஸோ என்று நினைத்து வேகத்தைக் குறைத்தேன். பிறகு பைக் என்று தெரிந்தது. ஆனால் அது எவ்வளவு தூரத்தில் போகிறது, வேகம் குறைகிறதா என்று பிடிபடவில்லை. பாரத்தோடு இறக்கத்தில் வருகிற லாரியை நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது. முன்னால் போகிறவர் பிரேக் பிடிப்பது ஒரு நொடி முன்னதாகத் தெரிந்தால் அதுவே எங்களுக்குப் பெரிய உதவி. அந்த உதவியை அந்த மின்னல் எடுத்துவிட்டது.

வேறொரு நாள் ஒரு பைக்கில், இரண்டு பக்கப் பைகளின் வெளி ஓரத்திலும் ஒவ்வொரு சிவப்பு விளக்கு, நடுவில் இருந்த டெயில் லைட்டை மூட்டை மறைத்திருந்தது. இருட்டில் பார்க்க, தூரத்தில் போகிற கார் மாதிரியே இருந்தது. நெருங்க நெருங்கத்தான் பைக் என்று புரிந்தது. இரண்டு ஓரத்திலும் போட விரும்பினால் நடுவில், கொஞ்சம் உயரத்தில் மூன்றாவது ஒன்றையும் போடுங்கள். மூன்றும் முக்கோணமாகத் தெரிந்தால் குழப்பம் இல்லை.

அப்புறம், பைக் ஓட்டுகிற எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். இறக்கத்தில் கியரைக் குறைத்து வேகத்தை அடக்குவீர்கள். நல்ல பழக்கம்தான், ஆனால் அப்போது பிரேக் லைட் எரியாது. லீவரை லேசாகத் தொட்டுத் தொட்டு விடுங்கள், எங்களுக்குத் தெரியும்.

திண்டுக்கல், ஆட்டோ எலக்ட்ரீஷியன்

கடைக்கு இந்த வேலைக்காக நிறையப் பேர் வருகிறார்கள். வேறு எங்கோ போட்டுவிட்டு, வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று வருகிறவர்களும் உண்டு.

பல்பைக் கழற்றிவிட்டு எல்இடி பல்பு போடுங்கள் என்று கேட்டால் நான் கொஞ்சம் யோசிக்கச் சொல்வேன். பல வண்டிகளில் டெயில் லைட்டின் அடியில் நிறமில்லாத ஒரு சின்னக் கண்ணாடி இருக்கும், நம்பர் பிளேட்டுக்கு வெளிச்சம் அதன் வழியாகத்தான் விழுகிறது. சிவப்பு எல்இடி பல்பு போட்டால் நம்பர் பிளேட் சிவப்பாகிவிடும். வெள்ளை போட்டால் சிவப்பு மூடிக்குள் வெளிறி, ரோஸ் நிறமாகத் தெரியும். இருக்கிற பல்பை அப்படியே விட்டுவிட்டு, தனியாக சிவப்பு எல்இடி சேர்ப்பதே சரி.

வயர் நிறத்தைக் குருட்டுத்தனமாக நம்ப வேண்டாம். கருப்பு என்றால் எர்த் (நெகட்டிவ்) என்று பலர் நினைக்கிறார்கள். ஹோண்டா வண்டிகளில் பச்சைதான் எர்த், கருப்பில் சாவி போட்டதும் 12 வோல்ட் வரும். டெயில் பழுப்பு, பிரேக் பச்சையில் மஞ்சள் கோடு. வேறு கம்பெனி வண்டிகளில் வேறு மாதிரி. டெஸ்ட் லேம்பையோ மல்டிமீட்டரையோ வைத்துப் பார்த்த பிறகே கை வையுங்கள்.

கடையில் வாங்கும் பட்டையில் மூன்று எல்இடிக்கு ஒரு ரெசிஸ்டர் (கரண்டைக் கட்டுப்படுத்துவது) என்று கட்டி வரும், குறித்த இடத்தில் வெட்டலாம். சொந்தமாகக் கட்டுகிறவர்கள் கணக்கை 12 வோல்ட்டுக்குப் போடாதீர்கள். எஞ்சின் ஓடும்போது பாட்டரியில் 14 வோல்ட்டுக்கு மேல் வரும். சிவப்பு எல்இடி ஒன்றுக்கு 2 வோல்ட், மூன்று தொடராக வைத்தால் 6. 300 ஓம் ரெசிஸ்டர் போட்டால் 12 வோல்ட்டில் 20 மில்லி ஆம்பியர், அதுவே 14.4 வோல்ட்டில் 28 மில்லி ஆம்பியர். கொஞ்ச நாளில் ஒவ்வொன்றாகச் செத்துவிடும். 470 ஓம் போட்டால் 18 மில்லி ஆம்பியர்தான் போகும், நின்று உழைக்கும்.

ஒரே பட்டையை டெயிலுக்கு மங்கலாகவும் பிரேக்குக்குப் பளிச்சென்றும் எரியவைக்கலாம். டெயில் வயரிலிருந்து கூடுதல் ரெசிஸ்டர் வழியாக ஒரு 4007 டயோடு (கரண்டை ஒரே திசையில் மட்டும் விடுவது), பிரேக் வயரிலிருந்து நேராக இன்னொரு டயோடு. டயோடு இல்லாவிட்டால் ஒரு வயரின் கரண்ட் இன்னொன்றுக்குள் திரும்பிப் போகும். டெயில் லைட் எரியும்போதெல்லாம் பிரேக் பல்பும் லேசாக எரிகிறது என்று வருகிற வண்டிகளில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

வயரைக் கடித்துப் பிடிக்கும் நீல நிற கிளிப் வேண்டாம். உள்ளே இருக்கும் இழைகளில் பாதியை வெட்டிவிடும், மழைத் தண்ணீர் இறங்கினால் பச்சை பிடிக்கும். ஈயம் வைத்துப் பற்றவைத்து, மேலே இன்சுலேஷன் ஸ்லீவ் போடுங்கள், 1 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று வழியில் இருக்கட்டும். பாட்டரி இல்லாமல் காயிலிலிருந்து நேராக விளக்கு எரிகிற பழைய மொபெட்களில் வருவது ஏசி. அங்கே ஏசியை டிசி ஆக்கும் ரெக்டிஃபையர் இல்லாமல் எல்இடி போட்டால் துடிக்கும், சீக்கிரம் போய்விடும்.

இண்டிகேட்டரையும் எல்இடி ஆக்கினால், அதை மின்னவைக்கும் ஃபிளாஷர் வேகமாக அடிக்கும், பல்பு போய்விட்டது என்று அது நினைத்துக்கொள்கிறது. எல்இடிக்கான ஃபிளாஷரை மாற்றினால் போதும். வாரண்டியில் இருக்கிற வண்டி என்றால், வயரை வெட்டுவதற்கு முன் சர்வீஸ் சென்டரில் ஒரு வார்த்தை கேளுங்கள்.

கோயம்புத்தூர், ஸ்கூட்டர்

அவிநாசி சாலையில் தினமும் வேலைக்குப் போய் வருகிறேன், திரும்பும்போது இருட்டிவிடும். ஹெல்மெட்டும் சாப்பாட்டுப் பையும் வைக்க பின்னால் பாக்ஸ் மாட்டியிருக்கிறேன். அந்தப் பாக்ஸின் முதுகில், ஏறக்குறைய கார் ஓட்டுபவரின் கண் மட்டத்தில், பிரேக்குக்கு மட்டும் ஒரு எல்இடி பட்டை வைத்தேன். அமெரிக்காவில் 1986 மாடல் கார்களிலிருந்து பின் கண்ணாடிப் பக்கம் மூன்றாவது பிரேக் லைட்டைக் கட்டாயமாக்கினார்கள் என்று படித்திருந்தேன். உயரத்தில் இருக்கும் விளக்கு, நடுவில் ஒரு வண்டி இருந்தாலும் அதற்குப் பின்னால் வருபவருக்கும் தெரியும்.

மாற்றம் எனக்கே தெரிந்தது. சிக்னலில் நிற்கும்போது பின்னால் வருகிற கார்கள் முன்பு மட்கார்டை உரசுகிற மாதிரி வந்து நிற்கும், இப்போது சற்றுத் தள்ளியே நிற்கின்றன. மழை நாளில் வித்தியாசம் இன்னும் அதிகம்.

பாக்ஸைக் கழற்றுகிறவர்கள் நடுவில் தண்ணீர் புகாத கனெக்டர் வையுங்கள். பாக்ஸின் இரண்டு பக்கமும் சிவப்பு ஒளிர் ஸ்டிக்கரும் ஒட்டினேன். அதற்கு வயரும் வேண்டாம், பாட்டரியும் வேண்டாம். எல்லா விளக்கும் போனாலும் பின்னால் வருபவரின் ஹெட்லைட்டில் அது எரியும்.

பாண்டிச்சேரி, 350 சிசி

ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலை) வாகனச் சோதனையில் என்னையும் இன்னொருவரையும் நிறுத்தினார்கள். அவர் வண்டியில் நீல நிறத்தில் மின்னும் விளக்கு, அங்கேயே கழற்றச் சொன்னார்கள். என் சிவப்புப் பட்டையை எரியவைத்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். எல்லா இடத்திலும் விடுவார்கள் என்று நம்ப வேண்டாம். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டியை மாற்றி அமைப்பதைக் கட்டுப்படுத்துகிறது. பின்பக்கம் சிவப்பு தவிர மற்ற நிறம் காட்டக்கூடாது, இண்டிகேட்டரின் மஞ்சளும் நம்பர் பிளேட்டின் வெள்ளையும் விலக்கு. வண்டியின் சொந்த விளக்கையோ நம்பர் பிளேட்டையோ மறைத்து எதையும் ஒட்டாதீர்கள்.

விழுப்புரம், 125 சிசி பைக்

நாமக்கல் அண்ணன் சொன்ன பிறகு என் வண்டியிலும் பட்டையை இன்னும் மேலே ஏற்றப் போகிறேன். திண்டுக்கல் அண்ணனின் 470 ஓம் கணக்கைக் குறித்துக்கொண்டேன்.

செலவு செய்வதற்கு முன் எல்லோரும் பிரேக் சுவிட்சைப் பாருங்கள். பின் பிரேக்கில் பெடலோடு ஸ்பிரிங் வைத்துக் கட்டிய சுவிட்ச் இருக்கும். பிரேக்கை டைட் செய்யும்போது இதையும் சரிசெய்யாவிட்டால் விளக்கு தாமதமாக எரியும், இல்லையென்றால் எரிந்துகொண்டே இருக்கும். முன் லீவரைத் தனியாகவும் அழுத்திப் பாருங்கள். பழைய வண்டிகள் சிலவற்றில் முன் பிரேக்குக்குச் சுவிட்சே கிடையாது. எரியவில்லை என்றால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள், பட்டையைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம். மாட்டிய பிறகு மதிய வெயிலில் ஒருவரை லீவரை அழுத்தச் சொல்லிவிட்டு முப்பது அடி தள்ளி நின்று பாருங்கள், குனிந்தும் பாருங்கள். சில மலிவான பட்டைகள் நேராக நின்றால் மட்டும்தான் தெரியும், பக்கவாட்டில் ஓரடி நகர்ந்தால் மங்கிவிடும். அப்படி இருந்தால் கடையிலேயே மாற்றிக் கேளுங்கள்.