கலைச்சொல்: ‘இன்சைட் ஃபார்வர்ட்’ – ‘இடைமுன்கள வீரர்’ பொருந்துமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

கால்பந்துச் சொற்பட்டியலில் ‘இன்சைட் ஃபார்வர்ட்’ என்பதற்கு ‘உள் தாக்குநர்’, ‘உட்புற முன்கள வீரர்’ என்று இரண்டு பரிந்துரைகள் வந்துள்ளன. ‘நடுக்கள வீரர்’ என்றே விட்டுவிடலாம் என்பது மூன்றாவது கருத்து. மூன்றையும் என்னால் ஏற்க முடியவில்லை. ஸ்பெயினின் காத்தலோனியாப் பகுதியைச் சேர்ந்த தொடக்ககாலக் கால்பந்து ஆட்டக்காரர் ஜோசெப் சமித்தியேர் பற்றிய குறிப்பைத் தமிழில் எழுதும்போதுதான் இந்தச் சொல் தேவைப்பட்டது என்பதால், அவரை வைத்தே காரணத்தைச் சொல்கிறேன்.

1902இல் பார்சிலோனாவில் பிறந்தவர் அவர். 1919இல், 17 வயதில், பார்சிலோனா கழகத்தில் சேர்ந்தார். சேர்ந்ததற்குப் பரிசாக ஒரு முழு உடுப்பும் இருட்டில் ஒளிரும் கைக்கடிகாரமும் பெற்றார் என்பது அங்கே எல்லோரும் சொல்லும் செய்தி. அடுத்த ஆண்டே ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற ஸ்பெயின் அணியில் இருந்தார். தொடக்கத்தில் நடுவரிசையில் ஆடியவர், பிறகு முன்வரிசைக்கு வந்தார். நட்பு ஆட்டங்களையும் சேர்த்தால் பார்சிலோனாவுக்காக அவர் போட்ட கோல்கள் 300ஐத் தாண்டும். இப்படிப்பட்டவரை ‘நடுக்கள வீரர்’ என்று மட்டும் எழுதினால் அந்தக் கோல்கள் எங்கிருந்து வந்தன என்று வாசகர் விழிப்பார். ‘முன்கள வீரர்’ என்று மட்டும் எழுதினாலோ, பின்னே இறங்கிப் பந்தைப் பறித்து, தானே முன்னே கொண்டுசென்ற அவரது ஆட்டம் காணாமல் போய்விடும்.

அந்தக் காலத்து அணிவகுப்பு 2-3-5. கோல்காப்பாளர் போக, பின்னே இருவர், நடுவே மூவர், முன்னே ஐவர். ஐவரில் இரு ஓரங்களிலும் விளிம்பு வீரர்கள், நட்டநடுவில் ஒருவர், விளிம்புக்கும் நடுவுக்கும் இடையே பக்கத்துக்கு ஒருவர். இந்த இருவரைத்தான் நாம் பெயரிட வேண்டும். பின்னாளில் சட்டையில் எண் பொறித்தபோது இவர்களுக்குக் கிடைத்தவை 8, 10. பெலேயும் மாரடோனாவும் அணிந்த 10 இந்த வழியில் வந்ததுதான்.

1925இல் ஆஃப்சைட் விதி (தாக்குபவர் எதிரணிக் கோலருகே முன்கூட்டியே போய் நிற்பதைத் தடுக்கும் விதி) மாறியது. அதுவரை தாக்குபவருக்கும் கோல் கோட்டுக்கும் இடையே எதிரணியினர் மூவர் இருக்க வேண்டும். இனி இருவர் போதும் என்றானது. தாக்குதல் எளிதானதால் தடுப்புக்கு ஆள் தேவைப்பட்டது. நடுவரிசையின் மைய ஆட்டக்காரரைப் பல அணிகள் பின்னுக்கு இழுத்தன. காலியான நடுக்களத்தை நிரப்ப, முன்வரிசையின் அந்த இருவரும் சற்றுப் பின்னே வந்தார்கள். ஆக, அகலவாக்கில் அவர்கள் விளிம்புக்கும் மையத்துக்கும் இடையே நின்றார்கள். நீளவாக்கில் நடுவரிசைக்கும் முன்வரிசைக்கும் இடையே நின்றார்கள். ‘இடை’ என்ற ஒரே சொல் இரண்டையும் தாங்குகிறது. ஆகவே ‘இடைமுன்கள வீரர்’ என்பது என் பரிந்துரை.

‘உள்’ ஏன் கூடாது? விளிம்பு வீரரை ஆங்கிலத்தில் ‘அவுட்சைட்’ என்பார்கள்; ஆகவே ‘உள்’ளுக்கு இணையாக ‘வெளி’ வந்தே தீரும். ‘வலது வெளி முன்கள வீரர்’ என்று படிப்பவர், அவர் மைதானத்துக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறார் என்றே நினைப்பார். ‘உள் தாக்குநர்’ என்பதோ உள்ளிருந்தே கெடுப்பவரைப் போல ஒலிக்கிறது. ‘முன்கள’ என்பதைக் கைவிட எனக்கு மனமில்லை. கொரோனா காலத்தில் ‘முன்களப் பணியாளர்’ ஊரறிந்த சொல்லாகிவிட்டது.

சமித்தியேரின் பயிற்றுநர் வாழ்க்கையை எழுத இடர் எதுவும் இல்லை. அவர் 1936இல் அத்லெத்திகோ மத்ரீதில் பயிற்றுநரானார். உள்நாட்டுப் போர் வெடித்ததும் பிரான்சுக்குப் போய் நீஸ் நகர அணிக்கு ஆடினார். 1944இல் பார்சிலோனாவின் பயிற்றுநர். 1945இல் லீக் பட்டம், கழகத்துக்கு 1929க்குப் பின் கிடைத்த முதல் லீக் பட்டம். 1950இல் ஹங்கேரியிலிருந்து அகதியாக வந்த ஆட்டக்காரர் குபாலாவைக் கழகத்துக்குக் கொண்டுவந்தவரும் இவரே. அவர் செய்தவற்றில் மிகப் பெரியது அதுதான் என்பேன். அப்போது அவர் பயிற்றுநர் அல்லர், ஆட்டக்காரர்களைத் தேடிக் கண்டுபிடிப்பவர் (ஆங்கிலத்தில் ‘ஸ்கவுட்’). அந்தப் பணிக்கும் நம்மிடம் நல்ல சொல் இல்லை. ‘சாரணர்’ ஒருபோதும் பொருந்தாது. அதைத் தனி இழையில் பேசுவோம்.

*

ஐயா, வணக்கம்.

‘இடைமுன்கள வீரர்’ எனக்கும் உடன்பாடே. இலங்கையில் நாங்கள் உதைபந்தாட்டம், மத்தியகள வீரர் என்று எழுதுவோம். அவற்றோடும் இது முரண்படாது. ஒரு தடை மட்டும் சொல்கிறேன். அணிப்பட்டியலில் இடம் குறைவு என்று யாராவது ‘வலது இடை’ என்று சுருக்கினால் அது இடுப்பைக் குறிக்கும். ‘இடைமுன்னர்’ என்று சுருக்கினால் ‘முன்னர்’ காலத்தைக் காட்டும். சுருக்க வடிவத்தையும் நாமே இப்போதே தந்துவிட வேண்டும்.

*

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் சொல்வது சரி. பட்டியலில் ‘வல இடைமுன்’, ‘இட இடைமுன்’ என்று வைக்கலாம். விளிம்பு வீரர்களுக்கு ‘வல விளிம்பு’, ‘இட விளிம்பு’. கட்டுரைகளில் முழு வடிவமே வரட்டும். ‘இடைமுன்’ என்று சேர்த்தே எழுத வேண்டும், பிரிக்கக் கூடாது என்ற குறிப்போடு பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். மறுப்பு உள்ளவர்கள் 2-3-5 அணிவகுப்பின் 11 இடங்களுக்கும் தங்கள் சொற்களை வரிசையாக எழுதி அனுப்புங்கள்; ஒரு சொல்லை மட்டும் தனியே எடுத்தால் ‘உள்–வெளி’ சிக்கல் மறுபடியும் வந்துவிடும்.